மெல்போர்னில் இரண்டு நிமிஷம்

எங்கள் பெரியப்பா ஒரு சொல்தா. புதுச்சேரிப் பக்கத்தாருக்கு இந்த வார்த்தையை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேவகம் செய்து, அதற்காகப் பிரான்சு சர்க்கார் தரும் பென்ஷனை வாங்கிக்கொண்டு, ஊரில் மற்றவர்களைவிட ஒரு முழம் உயரமாக நடப்பவருக்கு எங்கள் பக்கத்தில் சொல்தா என்று பெயர். பெரியப்பா இந்தோசீனாவுக்குப் போய் வந்தவர். சைகோன் தெருக்களைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் காப்பிக் கடையில் காப்பி ஆறிப் போய்விடும். என் தகப்பனாரோ பாகூரில் பள்ளிக்கூட வாத்தியார். கதர் கட்டியவர். புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்தே தீர வேண்டும் என்று, அப்படிச் சொல்வது ஆபத்தாக இருந்த காலத்திலேயே சொல்லிக்கொண்டிருந்தவர். ஒரே வீட்டுத் திண்ணையில் ஒரு கோடியில் பிரான்சும் மறு கோடியில் இந்தியாவும் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தன என்றால் மிகையில்லை.

இந்த இருவருக்கும் பொதுவாக இருந்த விஷயங்கள் இரண்டே. ஒன்று, பாட்டி வைக்கும் மீன் குழம்பு. மற்றொன்று, கால்பந்து. மீன் குழம்பைப் பற்றி இன்னொரு சந்தர்ப்பத்தில் எழுதுகிறேன்.

பாகூரைப் பார்த்திராதவர்கள் தேசப் படத்தை ஒரு தடவை புரட்டிப் பார்க்க வேண்டும். புதுச்சேரி என்பது ஒரே துண்டாக இருக்கும் பூமி அல்ல. கிழிந்த வேட்டியின் துண்டுகளை அங்கங்கே உலர்த்திய மாதிரி இருக்கும். பாகூரிலிருந்து புதுச்சேரிப் பட்டணத்துக்குப் புறப்பட்டால் நடுவில் ரெட்டிச்சாவடி குறுக்கிடும். அது அந்தக் காலத்திலும் இந்தியாதான். அதைக் கடந்தால் மறுபடியும் பிரான்சு! "பந்தை ஓங்கி உதைக்காதேடா, வேறு தேசத்தில் போய் விழும்" என்று பெரியப்பா சிறு பையன்களை எச்சரிப்பது வழக்கம். நெல் அறுவடை ஆன பிறகு ஏரிப் பாசனத்து வயல்களெல்லாம் மைதானமாகிவிடும். தாள் குத்தும். ஆனாலும் பையன்கள் வெறுங்காலோடுதான் ஆடுவார்கள். ஜோடு வாங்க யாரிடம் பணம் இருந்தது?

வெறுங்கால் என்று எழுதியதும் 1948-ம் வருஷம் நினைவுக்கு வருகிறது. எனக்கு அல்ல; நான் பிறப்பதற்கு இரண்டு வருஷம் முந்திய சமாசாரம் அது. பெரியவர்கள் சொல்லிச் சொல்லி எனக்கே நினைவு இருப்பதுபோல் ஆகிவிட்டது.

அந்த வருஷம் லண்டனில் ஒலிம்பிக். சுதந்திரம் பெற்று ஒரு வருஷம்கூட ஆகாத இந்தியா கால்பந்துக்கு ஒரு கோஷ்டியை அனுப்பியது. தலைவர் நாகா மலையிலிருந்து வந்த டாலிமெரன் ஆவ். முதல் பந்தயத்தில் தோற்றவர்கள் மூட்டை கட்ட வேண்டியதுதான். அந்த முதல் பந்தயத்தில் இந்தியாவுக்கு எதிரியாக வாய்த்த தேசம் எது தெரியுமா? பிரான்சு! ஜூலை 31-ந் தேதி இல்ஃபோர்டு மைதானத்தில் ஆட்டம். நம்மவர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு இறங்கினார்கள். பிரான்சு முதலில் ஒரு கோல் போட்டது. இந்தியாவுக்குப் பெனால்டி கிடைத்தது, வீணாயிற்று. எழுபதாவது நிமிஷத்தில் சாரங்கபாணி ராமன் கோலைத் திருப்பினார். இன்னொரு பெனால்டியும் கிடைத்தது. அதுவும் வீண். ஆட்டம் முடிய ஒரு நிமிஷம் இருக்கையில் பிரான்சு இரண்டாவது கோலைப் போட்டுவிட்டது.

இந்தச் செய்தி வந்தபோது பெரியப்பா சைகோனில் படை முகாமில் இருந்தார். முகாமில் பிரெஞ்சுச் சிப்பாய்கள் மேஜையைத் தட்டி ஆரவாரம் செய்தார்களாம். ஒருவன் தன் ஜோட்டைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நொண்டி நொண்டி நடந்து காட்டினானாம். எல்லோரும் சிரித்தார்கள். பெரியப்பாவும் சிரித்தார். "சிரிக்காமல் என்ன செய்வது? நானும் அவர்கள் சோற்றைத்தானே தின்கிறேன்?" என்று பிற்காலத்தில் என்னிடம் சொன்னார். அந்தச் சிரிப்பை அவர் வெகு நாள் மறக்கவில்லை.

இந்தியக் கால்பந்தின் வெறுங்காலைப் பற்றி நம் நாட்டில் ஒரு கட்டுக்கதை உண்டு. 1950-ல் பிரேஸிலில் நடந்த உலகக் கோப்பைக்கு அழைப்பு வந்தும் இந்தியா போகாததற்குக் காரணம், ஜோடு இல்லாமல் ஆடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள் என்பது. கேட்க ரஸமான கதைதான். ஆனால் நம்முடைய சங்கத்தார் உலகக் கோப்பையை அவ்வளவு பெரிய விஷயமாக மதிக்கவில்லை, ஒலிம்பிக்தான் அவர்கள் கண்ணில் பெரிதாகப் பட்டது என்பதே உண்மைக்கு அதிகம் பக்கத்தில் இருப்பது. கைக்கு வந்த கனியை இன்னது என்று தெரியாமல் கீழே வைத்துவிட்டு வந்தோம். அதற்குப் பிறகு அந்தக் கனி நம் கைக்கு எட்டவே இல்லை.

வெறுங்கால் ஆட்டத்துக்கு உண்மையில் முடிவு கட்டியது 1952. ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியாவோடு மோதினோம். கொட்டுகிற குளிர். ஈரத் தரை. நம்மவர் பலர் அப்போதும் வெறுங்கால். யூகோஸ்லாவியர் பத்துக் கோல் போட்டார்கள், நாம் ஒன்று. பத்துக்கு ஒன்று! அதற்குப் பிறகுதான் ஜோடு கட்டாயம் என்று சங்கத்தார் விதி செய்தார்கள்.

இந்தப் பத்துக்கு ஒன்றை வாசகர்கள் மறந்துவிட வேண்டாம். நான் சொல்லப் போகும் கதைக்கு அதுதான் ஆதாரம்.

ஹைதராபாத்தில் சையத் அப்துல் ரஹீம் என்று ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் இருந்தார். 'ரஹீம் சாகேப்' என்றால்தான் கால்பந்து உலகத்துக்குத் தெரியும். ஹைதராபாத் போலீஸ் கோஷ்டியைத் தயாரித்தவர் அவர். தேசத்து அணியும் 1950 முதல் அவர் பொறுப்புக்கு வந்தது. 1951-ல் டில்லியில் நடந்த முதல் ஆசியப் போட்டியில் ஈரானை வென்று தங்கம் வாங்கிக் கொடுத்தார். மறு வருஷமே ஹெல்சிங்கி அவமானம். வேறொருவராக இருந்தால் குளிரின்மேல் பழியைப் போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பார். ரஹீம் உட்காரவில்லை. ஐரோப்பியர்கள் எப்படி ஆடுகிறார்கள் என்று கவனித்துக் கற்றார். ஹங்கேரியர் 1953-ல் இங்கிலாந்தை அதன் சொந்த மண்ணில் ஆறுக்கு மூன்று என்று வீழ்த்தினார்களே, அந்த வித்தையின் நுட்பத்தை ஹைதராபாத்துப் புழுதியில் பரீட்சித்துப் பார்த்தார்.

அவர் வைத்த பந்தயங்களைப் பற்றிக் கேட்டால் சிரிப்பு வரும். ஒரு பந்தயத்தில் வலது காலால் ஆடிப் பழகியவர் இடது காலால் மட்டுமே உதைக்க வேண்டும். இன்னொன்றில் பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு உருட்டிக்கொண்டு ஓடக் கூடாது. வந்த பந்தை உடனே அடுத்தவனுக்குத் தள்ளிவிட வேண்டும். நம் ஊரில் பந்து கிடைத்தவன் அதைத் தாயாதி சொத்து மாதிரி கட்டிக்கொண்டு ஓடுவதுதான் வழக்கம். அந்த வழக்கத்தை ஒழிக்க ஒரு வாத்தியார் கண்டுபிடித்த தண்டனை இது. என் தகப்பனார் இதைச் சொல்லிச் சொல்லி மகிழ்வார். "பார்த்தாயா, வாத்தியார் வேலை என்றால் இதுதான்!" என்பார். வாத்தியாருக்கு வாத்தியார் பாராட்டு.

இனி மெல்போர்ன். 1956-ம் வருஷக் கடைசி.

அந்தக் கோஷ்டியில் தமிழ் காதுக்குப் பழக்கமான பெயர்கள் பல இருந்தன. கோல் காவலர்கள் பீட்டர் தங்கராஜும் எஸ். எஸ். நாராயணனும். தங்கராஜ், வெல்லிங்டன் மலையிலிருந்த மதராஸ் ரெஜிமென்ட்டில் சிப்பாய். ஆறடிக்கு மேல் உயரம். அவர் காவல் நின்ற ரெஜிமென்ட் கோஷ்டி அதற்கு முந்திய வருஷம்தான் டூரண்ட் கோப்பையை வென்றிருந்தது. முன்னணியில் கிட்டு என்கிற கிருஷ்ணசாமி. துளசிதாஸ் பலராம், செகந்திராபாத்தில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை. தலைவர் வங்காளத்து பத்ரு பானர்ஜி. வலது ஓரத்தில் பி. கே. பானர்ஜி. நடுவில் பம்பாயில் ஆடிய கோவாக்காரர் நெவில் டிஸோஸா.

அதிர்ஷ்டமும் இல்லாமல் இல்லை. முதல் சுற்றில் ஹங்கேரியோடு ஆட வேண்டியிருந்தது. ஆனால் அந்த நாட்டில் அப்போதுதான் புரட்சியும் ருஷ்ய டாங்கிகளும். ஹங்கேரி கால்பந்தில் கலந்துகொள்ளவில்லை. ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போனோம். இதை ஒளிக்க வேண்டியதில்லை. ஆனால் டிசம்பர் 1-ந் தேதி ஆஸ்திரேலியாவை அவர்கள் ஊரிலேயே சந்தித்ததில் அதிர்ஷ்டம் எதுவும் கிடையாது. ஜப்பானைத் தோற்கடித்துவிட்டு வந்த ஆஸ்திரேலியா அது. டிஸோஸா மூன்று கோல், கிட்டு ஒன்று. நான்குக்கு இரண்டு என்று நாம் வென்றோம். ஒலிம்பிக் கால்பந்தில் மூன்று கோலை ஒரே ஆட்டத்தில் போட்ட முதல் ஆசியர் டிஸோஸா. அரை இறுதிக்குப் போன முதல் ஆசிய தேசம் இந்தியா.

அரை இறுதியில் எதிரே நின்றது யார்? அதே யூகோஸ்லாவியா. நாலு வருஷத்துக்கு முன் பத்துக் கோல் போட்டவர்கள்.

டிசம்பர் 4. மெல்போர்ன் கிரிக்கெட் மைதானம். இடைவேளை வரை யாரும் கோல் போடவில்லை. இந்த ஒரு வாக்கியத்தை நான் பல தடவை எழுதிப் பார்த்திருக்கிறேன். அதற்குள் இருக்கும் அதிசயம் வெளியே வர மாட்டேன் என்கிறது. பத்துக்கு ஒன்று என்று நசுக்கியவர்களை நாற்பத்தைந்து நிமிஷம் ஒரு கோல்கூடப் போட விடாமல் நிறுத்தி வைத்தார்கள், ஹைதராபாத்து வாத்தியாரின் பையன்கள்! இடைவேளை முடிந்தது. ஐம்பத்திரண்டாவது நிமிஷம். நெவில் டிஸோஸா பந்தை வலைக்குள் தள்ளினார். இந்தியா 1, யூகோஸ்லாவியா 0.

ஒலிம்பிக் இறுதி ஆட்டம் நமக்கும் அதற்கும் நடுவே முப்பத்தெட்டு நிமிஷ தூரத்தில் இருந்தது.

ஐம்பத்து நான்காவது நிமிஷத்தில் பாபெக் என்பவர் கோலைத் திருப்பினார். ஐம்பத்தேழில் வெஸெலினோவிச் இன்னொன்று. அறுபத்தைந்தில் மறுபடி பாபெக். எழுபத்தெட்டில் நம்முடைய ஸலாமின் காலில் பட்டே பந்து நம் வலைக்குள் போயிற்று. நான்குக்கு ஒன்று. நாம் முன்னணியில் இருந்தது மொத்தம் இரண்டு நிமிஷம். மூன்றாவது இடத்துக்கான ஆட்டம் 7-ந் தேதி. பல்கேரியா மூன்று கோல் போட்டது, நமக்கு ஒன்றும் இல்லை. வெண்கலமும் போயிற்று. டிஸோஸா நான்கு கோலோடு அந்த ஒலிம்பிக்கில் அதிக கோல் போட்டவர்களின் வரிசையில் நின்றார். வெறும் கையோடு கப்பல் ஏறுபவருக்கு அது ஒரு ஆறுதலா என்று எனக்குத் தெரியாது.

ஏன் அப்படிச் சரிந்தது? ஒரு காரணத்தை மட்டும் சொல்கிறேன். சர்வதேச ஆட்டம் தொண்ணூறு நிமிஷம். நம் நாட்டுப் போட்டிகளோ அந்தக் காலத்தில் எழுபது நிமிஷத்தோடு முடிந்துவிடும். எழுபது நிமிஷத்துக்குப் பழகிய நுரையீரல் தொண்ணூறுக்கு எங்கே போகும்? இது ரஹீமுக்குத் தெரியாததல்ல. ஆனால் ஆட்டத்தின் நீளத்தை மாற்றுவது பயிற்சியாளரின் கையில் இல்லை. கமிட்டிகளின் கையில் இருந்தது. கமிட்டிகளைப் பற்றி நான் அதிகம் எழுதினால் கட்டுரை கோபமாகிவிடும்.

எனக்கு அப்போது ஆறு வயது. அப்பா திண்ணையில் பத்திரிகையை விரித்துவைத்து, "உலகத்திலேயே நாலாவது!" என்று உரக்கச் சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அவர் முகத்தில் துக்கம் இல்லை. தெருவில் யாருக்கும் துக்கம் இல்லை. நாலு வருஷத்தில் பத்துக்கு ஒன்றிலிருந்து இங்கே வந்துவிட்டோம். இன்னும் நாலு வருஷத்தில் எங்கே போய் நிற்க மாட்டோம்? புதுச்சேரிக்கும் அது நல்ல காலமாகத்தான் தோன்றியது. வில்லியனூர்ப் பக்கத்துக் கீழூரில் 1954 அக்டோபர் 18-ந் தேதி 178 பிரதிநிதிகள் கூடி வாக்களித்து, 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்றும் 8 பேர் வேண்டாம் என்றும் முடிவு சொல்லி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நவம்பர் முதல் தேதி நிர்வாகமும் கை மாறிவிட்டது. சட்டப்படியான மாற்றம்தான் பாக்கி. எல்லாமே ஏறு படியாகத் தெரிந்த காலம். ஏறு படியில் ஒரு கால் இடறினால் யாராவது உட்கார்ந்து அழுவார்களா?

அதுதான் உச்சிப் படி என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்? மெல்போர்னுக்காக நான் துக்கப்பட்டது என் தலை நரைத்த பிற்பாடுதான்.

நாலு வருஷம் கழித்து ரோமாபுரி. 1960-ல் இந்தியாவுக்கு வாய்த்த எதிரிகளில் ஒருவர் மறுபடியும் பிரான்சு. எங்கள் வீட்டில் இது எப்பேர்ப்பட்ட நிகழ்ச்சி என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? எனக்கு அப்போது பத்து வயது. பெரியப்பா பக்கம் உட்காருவதா, அப்பா பக்கம் உட்காருவதா என்ற தர்ம சங்கடம். பாட்டியின் பக்கம் உட்கார்ந்துவிட்டேன். ஆகஸ்டு 29-ந் தேதி நடந்த ஆட்டத்தின் முடிவு எங்களுக்கு மறு நாள்தான் தெரிந்தது. எழுபத்தோராவது நிமிஷத்தில் பி. கே. பானர்ஜி கோல் போட்டிருக்கிறார். எண்பத்திரண்டாவது நிமிஷத்தில் பிரான்சு திருப்பிவிட்டது. எட்டு நிமிஷம் தாக்குப் பிடித்திருந்தால் 1948-க்குக் கணக்குத் தீர்ந்திருக்கும்.

"சமம்தானே அண்ணே, யாருக்கும் நஷ்டமில்லை" என்றார் அப்பா, சமாதானமாக.

"சமமாவது? எட்டு நிமிஷம்! எட்டு நிமிஷம் பல்லைக் கடிச்சிக்கிட்டு நிக்க முடியலியா இவனுங்களால?" என்று பெரியப்பா வெற்றிலையைத் துப்பினார்.

அப்பா திகைத்துப் போனார். தம் அண்ணன் இத்தனை வருஷமாக எந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார் என்பது அவருக்கு அன்றுதான் விளங்கியது என்று நினைக்கிறேன். ஹங்கேரியிடம் ஒன்றுக்கு இரண்டு, பெருவிடம் ஒன்றுக்கு மூன்று என்று தோற்று ரோமாபுரியிலிருந்து திரும்பினோம். ஒலிம்பிக் மைதானத்தில் இந்தியக் கால்பந்துக் கோஷ்டி கால் வைத்தது அதுவே கடைசி. இதுவும் அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

அணையப் போகும் விளக்கு ஒரு தரம் பளிச்சென்று எரியும் என்பார்களே, அப்படி வந்தது 1962.

ஆகஸ்டு 16-ந் தேதி புதுச்சேரி சட்டப்படி இந்தியாவாயிற்று. பிரெஞ்சுப் பிரஜையாகவே இருக்க விரும்புவோர் எழுதிக் கொடுக்க ஆறு மாத அவகாசம். பெரியப்பாவின் பெட்டியில் அந்தக் காகிதம் கிடந்தது. கையெழுத்துப் போட்டால் அண்ணன் ஒரு தேசம், தம்பி ஒரு தேசம். வீட்டில் யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்துக்கு நடுவில்தான் ஜகார்த்தாவில் ஆசியப் போட்டி ஆரம்பமாயிற்று.

முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் தோல்வி, இரண்டு கோல் வித்தியாசத்தில். பிறகு தாய்லாந்தையும் ஜப்பானையும் வென்றார்கள். தென் வியட்நாமை அரை இறுதியில் மூன்றுக்கு இரண்டு என்று கடந்தார்கள். செப்டம்பர் 4-ந் தேதி இறுதி ஆட்டம், மறுபடியும் தென் கொரியாவோடு. இஸ்ரேலையும் தைவானையும் போட்டிக்கு அழைக்காததைப் பற்றி நம் நாட்டு அதிகாரி ஒருவர் ஆட்சேபித்துப் பேசியதில் ஜகார்த்தா ஜனங்களுக்கு இந்தியாவின்மேல் மகா கோபம். நிறைந்து வழிந்த மைதானம் முழுதும் நமக்கு எதிராகக் கூச்சல் போட்டது. தடுப்பு வரிசையைச் சேர்ந்த ஜர்னெயில் சிங் தலையில் தையல் போட்டிருந்தார். அவரைத் தூக்கி முன்னணியில் நிறுத்தினார் ரஹீம். எந்தப் புஸ்தகத்தில் இருக்கிறது இந்த யோசனை? பி. கே. ஒரு கோல், ஜர்னெயில் ஒரு கோல். கோலில் தங்கராஜ். இரண்டுக்கு ஒன்று என்று தங்கம் நமக்கு.

மைதானத்தின் ஓரத்தில் நின்ற ரஹீமின் நுரையீரலில் அப்போதே புற்றுநோய் குடிகொண்டிருந்தது.

அந்தச் செய்தி வந்த இரவு பெரியப்பா காப்பிக் கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் காப்பி வாங்கிக் கொடுத்தார். மறு மாதம் புதுச்சேரிக்குப் போய்ப் பிரான்சுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். "பென்ஷன்டா தம்பி, வேற ஒண்ணுமில்ல" என்றார் அப்பாவிடம். அப்பா தலையை ஆட்டினார். இரண்டையும் ஒரே மனிதர்தான் செய்தார். இதில் முரண்பாடு இருப்பதாக எனக்கு அன்றும் தோன்றவில்லை, இன்றும் தோன்றவில்லை.

ரஹீம் சாகேப் 1963 ஜூன் 11-ந் தேதி காலமானார். அந்தச் சாவு எங்கள் திண்ணைக்கு வந்து சேரவே இல்லை. பல வருஷம் கழித்து ஒரு பழைய புஸ்தகத்தில் படித்துத்தான் நான் தெரிந்துகொண்டேன். 1964-ல் இஸ்ரேலில் நடந்த ஆசியக் கோப்பையில் இரண்டாவதாக வந்தோம். அதே வருஷம் டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற முடியவில்லை; ஈரான் வழி மறித்தது. 1970-ல் பாங்காக்கில் ஒரு வெண்கலம். அப்புறம் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. ஒரே நாளில் கவிழ்ந்த கப்பல் அல்ல இது. பாகூர் ஏரியில் தண்ணீர் வற்றுகிற மாதிரி வற்றிற்று. நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் தெரியாது. ஒரு நாள் போய்ப் பார்த்தால் வெடித்த மண்.

வீழ்ச்சிக்குக் கிரிக்கெட்டைக் குறை சொல்பவர்கள் உண்டு. 1983-ல் லார்ட்ஸ் மைதானத்தில் கபில் தேவ் கோப்பையைத் தூக்கியதும் பையன்கள் எல்லோரும் மட்டையோடு ஓடிப்போனார்கள் என்பார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1983 வருவதற்கு வெகு முன்பே இந்தக் கிணறு வற்றிவிட்டது. என் அபிப்பிராயத்தில், ஜப்பானைப் பார்த்தால் காரணம் விளங்கும். மெல்போர்னில் ஆஸ்திரேலியாவிடம் தோற்று முதல் சுற்றிலேயே வீடு திரும்பிய ஜப்பான், 1960-ல் டெட்மார் கிராமர் என்ற ஜெர்மன் வாத்தியாரை வரவழைத்தது. அவரும் போகப் போகிறவர்தான் என்று தெரிந்து, போவதற்குள் அவரிடமிருந்து கற்க வேண்டியதைக் கற்றுக்கொண்டார்கள். அவர் சொன்னபடி 1965-ல் தேசம் முழுவதற்குமான லீக் போட்டியை ஆரம்பித்தார்கள். 1968-ல் மெக்ஸிகோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கினார்கள். நாம் அப்படி ஒரு தேசிய லீக்கைத் தொடங்கியது 1996-ல். முப்பத்தொரு வருஷம் பின்னால்! நமக்கு வாத்தியார் நம் வீட்டிலேயே பிறந்திருந்தார். அவருக்குப் பின் பள்ளிக்கூடம் வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கல்கத்தாவில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதினால் லட்சம் பேர் கூடினார்கள். அந்தக் கூட்டத்தைப் பார்த்து நம் கால்பந்து சௌக்கியமாக இருக்கிறது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

2015 மார்ச்சில் உலகத் தர வரிசையில் இந்தியாவுக்குக் கிடைத்த இடம் 173. மாடியில் தனியாக உட்கார்ந்து அந்த எண்ணைப் பார்த்தேன். அப்பா திண்ணையில் "நாலாவது" என்று சொன்ன குரல் காதில் விழுந்தது. அப்பாவும் பெரியப்பாவும் போய் வெகு காலம் ஆகியிருந்தது. நல்ல வேளை.

ஆட்டக்காரர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். டிஸோஸா 1980-லேயே, ஐம்பது வயதுகூட நிறையாமல். தங்கராஜ் 2008-ல். 2020-ல் ஊரடங்கு தொடங்கும் தறுவாயில், மார்ச் 20-ந் தேதி பி. கே. பானர்ஜி, ஏப்ரல் 30-ந் தேதி ஜகார்த்தா அணியின் தலைவர் சுனி கோஸ்வாமி. லட்சம் பேர் கூடி வழியனுப்பியிருக்க வேண்டியவர்கள், தெருவில் ஜன நடமாட்டமே இல்லாத நாளில் போய்ச் சேர்ந்தார்கள். நாராயணன் 2021-ல், மெல்போர்ன் தலைவர் பத்ரு பானர்ஜி 2022-ல், பலராம் 2023-ல்.

போன வருஷங்களில் ஒரு நாள், 2024 ஜூன் 6, கல்கத்தாவில் குவைத்தோடு இந்தியா ஆடியது. சுனில் சேத்ரி ஓய்வு பெறுவதாக அறிவித்து ஆடிய ஆட்டம். வென்றிருந்தால் உலகக் கோப்பைத் தகுதிப் போட்டியில் மேலே போக வழி பிறந்திருக்கும். யாரும் கோல் போடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த என் பேரன் டெலிவிஷனை அணைத்துவிட்டு, "நாம எப்பவுமே இப்படித்தானா தாத்தா?" என்று கேட்டான்.

இல்லையடா என்று ஆரம்பித்து மெல்போர்ன் கதையைச் சொன்னேன். ஹெல்சிங்கியின் பத்துக் கோலைச் சொன்னேன். இடது காலால் உதைக்கச் சொன்ன வாத்தியாரைச் சொன்னேன். ஐம்பத்திரண்டாவது நிமிஷத்துக்கு வந்து டிஸோஸா கோல் போட்டதும் பையன் எழுந்து நின்றுவிட்டான்.

"அப்புறம்?"

"ஐம்பத்து நாலாவது நிமிஷத்தில் அவர்கள் திருப்பிவிட்டார்கள்."

விரலை மடக்கிக் கணக்குப் போட்டுப் பார்த்தான். "ரெண்டு நிமிஷம்தானா?"

"ரெண்டு நிமிஷம்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அந்தக் கோல் எப்படிப் போட்டாரு? அதை மட்டும் திரும்பச் சொல்லு" என்றான்.